மாரிசெல்வி சொல்லாத மணிக்கணக்கு

என் தங்கை மாரிசெல்வியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்லத் தெரியாத ஜென்மம். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. இவளுக்குக் கொஞ்சம் முற்றிப்போனது.

புருஷன் பிரம்மநாயகம் போய்ச் சேர்ந்த பிறகு, திலக் நகர் பக்கம் தண்டவாளத்தோரம் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த துண்டு நிலத்தை இவளே பார்த்துக்கொண்டாள். பாலக், வெந்தயக்கீரை போடுவாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் நான் விற்றுக் கொடுப்பேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மகள் கீதா காலேஜில் சேர்ந்ததும்தான் கீரைக் காசு பத்தாமல் போயிற்று.

கீதா கெட்டிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பில் லீனியர் புரோகிராமிங் படித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவி வீட்டில் கிராஃப் தாளை விரித்து எங்களை உட்காரவைத்தாள். கீரை எவ்வளவு, வெண்டை எவ்வளவு போட்டால் லாபம் அதிகம் என்பதுதான் கணக்கு. இடத்துக்கு ஒரு கோடு, தண்ணீருக்கு ஒரு கோடு, விதைக்காசுக்கு ஒரு கோடு. கோடுகளுக்குள் அடங்குவதுதான் நம்மால் முடிந்தது, அதில் ஏதோ ஒரு மூலையில் நல்ல லாபம் இருக்கும் என்றாள்.

"அம்மா, நீ ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வேல பாப்பே?"

"மணி பாத்து வேல செய்ய நான் என்ன ஆபீசுக்கா போறேன்? எம்புட்டு வேணும்னாலும் செய்வேன்ட்டீ."

"டீக் ஹை, அப்போ அதுக்குக் கோடு வேண்டாம்."

முக்கால்வாசி நிலத்தில் வெண்டை போடு என்று விடை வந்தது. வெண்டைக்கு விலை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஆளைத் தின்கிற பயிர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். சுணை பட்டுக் கையெல்லாம் அரிக்கும். பறிப்பு, களை, மருந்து என்று உட்கார நேரமிருக்காது.

இரண்டு மாதம் கடையில் எனக்குக் கொண்டாட்டம். மாமிகள் நுனியை ஒடித்துப் பார்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். மாரி மூட்டையோடு வரும்போது தைல வாடை மூக்கைத் துளைக்கும். கேட்டால், "சும்மா பிடிப்புண்ணே" என்பாள்.

போன வாரம் தண்ணீர்க் குழியருகே குனிந்தவள் நிமிரவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள்தான் தூக்கி வந்தார்கள். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கிவிட்டதாம். இனி குனியவும் கூடாது, சுமக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்பருந்துட்டீ வலி?"

"வெண்ட போடுததுக்கு முன்னயே இருந்துச்சுண்ணே."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அறிவு கெட்டவளே, அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது?

கீதா புதுத் தாள் எடுத்து, இந்தத் தடவை வேலை நேரத்துக்கும் கோடு போட்டாள். அம்மாவின் நேரம் சைபர். குத்தகைக்குக்கூட ஒன்றும் தேறவில்லை. அதை அழித்துவிட்டுப் பத்து மணி நேரம் என்று எழுதி வேறொரு கோடு போட்டாள்.

"அது யாரு நேரம்?" என்று பாயில் கிடந்த மாரி கேட்டாள்.

"என்னோடது."

"காலேஜு?"

கீதா தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நிலத்துக்கு நான் போறேன்ட்டீ," என்றேன்.

"நீங்க போனா காய யாரு மாமா விப்பா?"

மாரி அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட இப்படி அழவில்லை. "உன்னப் படிக்க வைக்கத்தானட்டீ வாய மூடிட்டுக் கெடந்தேன்," என்றாள்.

கீதா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "தண்ணி எந்தக் குழியிலம்மா எடுப்பே?"

மாரி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி சொன்னாள்.