அறுபது மூட்டை பொன்னி

இறக்குமதி வரி ஏறப்போகிறது என்று செய்தி வந்த வாரம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் இந்தியக் கடையில் பொன்னி அரிசி இருக்கும் வரிசை காலியாகக் கிடந்தது. ‘குடும்பத்துக்கு ஒரு மூட்டை’ என்று கையால் எழுதிய அட்டை மட்டும் தொங்கியது. அந்த மாதம்தான் என் கணவரின் அலுவலகத்தில் இரண்டாவது முறையாக ஆட்களைக் குறைத்திருந்தார்கள். அவருடைய வேலை தப்புமா என்பது எங்கள் கையில் இல்லை. வீட்டில் அரிசி இருக்குமா என்பதாவது எங்கள் கையில் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கும் மதுரைக்கார அக்கா எனக்கு முன்பே களத்தில் இறங்கியிருந்தார். பக்கத்து ஊரான ஹேவர்டில் ஒரு கிடங்கைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டு வந்தார்.

“ஒண்ணு ரெண்டா குடுக்க மாட்டாங்களாம்டி. பலகைல அடுக்கிக் கட்டின ஒரு பேலட்ட முழுசா எடுக்கணும். அறுபது மூட்டை.”

“அறுபதாக்கா?”

“ஆறு குடும்பம், ஆளுக்குப் பத்து. வாட்ஸாப்ல கேட்டு அஞ்சு பேர் ஓகே பண்ணியாச்சு. நீ மட்டுந்தான் பாக்கி.”

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் காரேஜில் இறக்கிப் பிரித்துக்கொள்வது என்றும், எல்லா ஆண்களும் வீட்டிலிருக்கும் சனிக்கிழமை லாரி வரட்டும் என்றும் முடிவானது. காத்திருந்த நான்கு நாட்களும் எங்கள் வீட்டில் கல்யாணக் களை. புளி, பெருங்காயம், காபித்தூள், துணி சோப்பு என்று நான் பட்டியல் எழுதிக்கொண்டே இருந்தேன். ஆபீஸிலிருந்து வந்ததும் முகம் தொங்க சோபாவில் உட்காரும் கணவர், டேப்பை எடுத்துக்கொண்டு காரேஜ் சுவரை அளந்தார். ஆறாவது படிக்கும் மகள் மட்டும், “அம்மா, தேர் இஸ் நோ வார்,” என்றாள்.

லாரி சனிக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது.

நான் வீட்டிலிருந்தே என் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போன் அடித்தது. வாசலில் நிற்பதாக டிரைவர் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தால், என் உயரத்துக்கு பிளாஸ்டிக் சுற்றிய அரிசி மலை ஒன்று தெருவோரம் இறங்கிக்கொண்டிருந்தது. காரேஜுக்குப் போகும் பின்சந்தில் லாரி நுழையாது, ஓரத்தில் இறக்குவது மட்டும்தான் தன் வேலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அங்கிருந்து காரேஜுக்கு நூறு அடியாவது இருக்கும். மேலே பார்த்தேன். குன்றுகளின் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மீட்டிங்கில் ‘அவசரம்’ என்று ஒரு வரி தட்டிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே ஓடி வந்தார்.

“எங்க வீட்டுக்காரரு வர ஆறு மணியாகும். உங்க வீட்ல?”

“சான் ரமோன் ஆபீஸ்ல இருக்காருக்கா. இப்பக் கிளம்பினாலும் டிராஃபிக்.”

“அப்ப நாமதான். தூக்குடி.”

ஒரு மூட்டை இருபது பவுண்டு. முதல் நான்கைக் குழந்தை தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினோம். ஐந்தாவதில் மூச்சு வாங்கியது. மகள் இரண்டு தோழிகளோடு பள்ளியிலிருந்து வந்தவள், “வெயிட், இது எல்லாமே ரைஸா?” என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பையைப் புல்லில் வீசிவிட்டு வீட்டுக்குள் ஓடி, என் ஆபீஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதில் மூன்று மூட்டை ஏறின. ஒருத்தி தள்ள, இருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

முதல் தூறல் விழுந்தபோது பாதிகூட முடியவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு சீனப் பாட்டியம்மாள் வெளியே வந்தார். ஏழு வருடங்களாகத் தலையசைப்பதோடு சரி, நாங்கள் பேசியதே இல்லை. அவர் மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பெரிய நீலத் தார்ப்பாயையும் மடக்கும் தள்ளுவண்டியையும் கொண்டு வந்தார். தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் திணித்து, “யூ, தட் சைட்,” என்றார். இரண்டு பேரும் இழுத்து மூடுவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

அதன்பின் மழையிலேயே ஓடினோம். ஒரு மூட்டை நாற்காலியிலிருந்து சரிந்து கிழிந்து, ஈரத் தார்ச்சாலையில் வெள்ளையாகக் கொட்டியது. பிள்ளைகள் உறைந்து நின்றார்கள்.

“போனாப் போகுது, குருவி திங்கட்டும். அடுத்ததத் தூக்குங்க,” என்றார் அக்கா.

கடைசி மூட்டை உள்ளே போனபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவர்கள்போல ஐம்பத்தொன்பது மூட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாட்டியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் காரேஜ் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கூரை வரை அரிசி மூட்டைகள், எண்ணெய் டப்பாக்கள், டிஷ்யூ கட்டுகள். அவரும் செய்தி கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அன்று எங்கள் பங்கிலிருந்து ஒரு மூட்டையை அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பாட்டில் மிளகாய் எண்ணெய் எங்கள் வாசலில் இருந்தது. மகள் இன்றுவரை தோசைக்கு அதைத்தான் கேட்கிறாள்.

சில வாரங்களில் கடையில் பொன்னி மறுபடி வந்துவிட்டது. விலை ஏறியது, நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. கணவரின் வேலையும் தப்பியது. போனது என் வேலை. ஜூலையில் ஒரு காலை, பதினைந்து நிமிட வீடியோ காலில் முடிந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் காரேஜிலிருந்து ஒரு மூட்டையைப் பிரித்து இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். செய்தி கேட்டுப் பாதி நாளில் வீடு வந்த கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயமா இருக்கா?”

“காலைல இருந்துச்சு. இப்ப இல்லைங்க.”

அது பொய் இல்லை. அடுத்த ஐந்து மாதங்களும் கவலைகள் எத்தனையோ இருந்தன. ஆனால் ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது என்ற கவலை எனக்கு வந்ததே இல்லை.

டிசம்பரில் வேறு வேலை கிடைத்தது. அதுவும் சான் ரமோனில், கணவரின் அலுவலகத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி. கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களில் முதல்முறையாக இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போனோம். மழைக்குப் பிறகு ஃப்ரீவேயின் இரண்டு பக்கமும் குன்றுகள் பச்சைப்பசேல் என்று இருந்தன. நான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். அவர் ஓட்டிக்கொண்டே சிரித்தார்.