கண்டக்டரம்மாவின் கழிவுநீர்த் தொட்டி

கண்டக்டரம்மாவின் குரல் பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும். முன்படியில் நின்றபடியே பின்படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றிவிடுவாள். தையல்காரரான அவள் கணவர் நேர்மாறு. அளவெடுக்கும்போதுகூட எதிரில் நிற்பவர் காதில் விழுமா விழாதா என்கிற மாதிரிதான் பேசுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை நினைத்துப் பெருமைப்பட்டதும் உண்டு, தலையைக் குனிந்துகொண்டதும் உண்டு. இரண்டும் ஒருசேர நடந்தது அவர்கள் வீடு கட்டிய வருஷம்தான்.

ஊர் ஓரத்தில் சரிவான ஒரு மனை வாங்கியிருந்தார்கள். பாதாளச் சாக்கடை தெருமுனையோடு நின்றுபோயிருந்தது. கொஞ்ச நாளில் நீட்டிவிடுவோம் என்று நகராட்சி அலுவலகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் அங்கே முதலில் குடிவந்தவர்களின் பிள்ளைகள் கல்யாண வயதை எட்டிவிட்டார்கள். ஆக, அவரவர் வீட்டுக் கழிவுநீருக்கு அவரவரே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. "பின்பக்கம் குழி தோண்டி சிமெண்ட் வளைய உறை இறக்கிடலாம்மா. அடியில சிமெண்ட் போடாம விட்டா தண்ணி தானா மண்ணுக்குள்ள போயிடும். நான் கட்டுற வீட்டுக்கெல்லாம் அப்படித்தான்."

தையல்காரர் உடனே தலையாட்டிவிட்டார். அவர் நினைப்பெல்லாம் முன்னறையில் இருந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அதனடியில் தையல் மெஷின். வாடகை வீட்டு இருட்டில் நூல் கோத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதர் அவர்.

கண்டக்டரம்மா மட்டும் "விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள்.

விசாரணை என்றால் சாதாரண விசாரணை இல்லை. மறுநாளிலிருந்து டிக்கெட்டோடு ஒரு கேள்வியையும் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். "உங்க வீட்டு டாய்லெட் தண்ணி எங்க போகுது?" சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் இறங்கி ஓடினார். ஆனால் யாராவது வாயைத் திறந்துவிட்டால் பேச்சு நிற்காது. மாமியார் விருந்துக்கு வந்த அன்று பார்த்துத் தங்கள் தொட்டி பொங்கியதை ஒரு பெண் கையை வீசி நடித்துக் காட்டினாள். கழிவு லாரி நுழைய வழியில்லாமல் சொந்தச் சுவரை இடித்த கதையைச் சொல்லிக்கொண்டே ஒருவர் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

தைத்த சட்டையை வாங்க வந்த ஒருவர் தையல்காரரிடம் நேராகவே கேட்டார். "பஸ்ஸுல கக்கூஸ் பத்திக் கேக்கறாங்களே, அது உங்க வீட்டம்மாதானே?"

தையல்காரர் காஜா எடுக்கும் சாக்கில் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாலை அவள் வந்ததும் வராததுமாக, "ஏம்மா, மானம் போகுது" என்றார்.

"போனா போகட்டுங்க. தச்சது சரியா வரலைன்னா நீங்க பிரிச்சுத் தச்சுடுவீங்க. அந்தக் குழியைக் கட்டி மூடிட்டு அப்புறம் பிரிக்க முடியுமா?"



குடிநீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்த ஒரு பெண் தினமும் அந்தப் பேருந்தில்தான் வருவாள். உருப்படியான யோசனை அவளிடமிருந்து வந்தது. "முதல்ல ஒரு சின்னக் குழி தோண்டித் தண்ணி ஊத்திப் பாருங்கக்கா. நிதானமா இறங்கினா மண்ணு வடிகட்டுதுன்னு அர்த்தம். ஊத்தின வேகத்துல காணாம போச்சுன்னா அடியில பாறை வெடிப்பு இருக்கும். பக்கத்துல கிணறு இருந்தா வம்பு."

கிணறு இருந்தது. சரிவுக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டு அக்காவோடுதான் இவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லைக்கல் நட்ட அன்று ஒரு முழ நிலத்துக்காக இரண்டு பெண்களும் தெருவே கூடி நிற்கக் கத்தித் தீர்த்திருந்தார்கள்.

விடுமுறை நாளில் மேஸ்திரி வேண்டாவெறுப்பாக ஒரு குழி தோண்டினார். கண்டக்டரம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் காணாமல் போயிற்று.

மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "எப்படிக் குடிக்குது பாத்தீங்களா! இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"குடிச்சுட்டு எங்க கொண்டு போய் விடுதுன்னு தெரியணும், மேஸ்திரி."

அவள் வேலிப்பக்கம் பார்ப்பதைத் தையல்காரர் கவனித்தார். "நம்மகிட்ட பேசாதவங்க கிணத்துக்காகவா இவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார்.

"சண்டை வேலிக்குத்தாங்க. தண்ணி என்ன பண்ணுச்சு?"

கேக்கில் போடும் சிவப்புக் கலரைக் கடையிலிருந்து வாங்கி வந்து, நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். தையல்காரர் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன?" என்றாள் அந்த அக்கா, கதவைப் பாதி திறந்து.

"அக்கா, எங்க குழியில கலர் தண்ணி ஊத்தப் போறேன். சாப்பாட்டுல போடற கலர்தான். உங்க கிணத்துல வருதான்னு பாக்கணும். நீங்க சரின்னாதான் ஊத்துவேன்."

"வந்தா?"

"வந்தா நான் அங்க குழி போட மாட்டேன்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இதில் என்ன சூழ்ச்சி என்று தேடுகிற பார்வை. கடைசியில் "ஊத்து" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் வேலிக்கு மேல் ஒரு வாளி உயர்ந்தது. அதிலிருந்த தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் இருந்தது. அக்காவின் முகத்தில் சண்டைக்களை இல்லை, பயம் இருந்தது. "நாங்க இதைத்தான் குடிக்கிறோம்" என்றாள்.  மேஸ்திரி வாளியை வாங்கிப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஜினியர் பெண் ஒரு மாலை வந்து மனையைச் சுற்றிப் பார்த்தாள். தெருவோரம் மேட்டில் நல்ல மண் ஆழமாக இருந்தது, கிணறும் எட்டத்தில் இருந்தது. கசியாத அறைகள் கொண்ட தொட்டி ஒன்று. அதிலிருந்து வழிகிற தண்ணீருக்கு அடியும் பக்கமும் அடைத்த ஒரு ஜல்லிப் பாத்தி, அதில் கல்வாழை. அந்த வேர்களில் சுத்தமாகி மிஞ்சுவது மேட்டு மண்ணில் இறங்கட்டும் என்றாள். எல்லாம் சரி. ஆனால் பின்பக்கக் குளியலறையிலிருந்து தண்ணீர் மேடேறாது. குளியலறை முன்பக்கம் வந்தாக வேண்டும்.

பேருந்து முழுவதையும் அதட்டுகிறவள் அன்று வீட்டில் வாயே திறக்கவில்லை. கணவர் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் வீட்டுப் படம் போட்டாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். எப்படிப் போட்டாலும் முன்னறை இருந்த இடத்தில் குளியலறை வந்து உட்கார்ந்தது. தையல்காரர் மெஷினிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"பம்பு வச்சு மேல ஏத்தலாமான்னு பாக்கறேன்" என்றாள் நிமிராமல்.

"கரண்ட் போனா?"

அவள் அந்தக் கோட்டையும் அழித்தாள். அவர் குந்தி உட்கார்ந்து சாக்குக்கட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். பின்னறையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, "மெஷின் இங்க இருக்கட்டும். இந்த ஜன்னலைக் கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லு" என்றார்.

"அங்க அவ்வளவு வெளிச்சம் வராதுங்க."

"லைட் போட்டுக்கறேன். ஊரையே கேட்டியே, என்னைக் கேக்க ஏன் தயங்கற?"

கண்டக்டரம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த சாக்குத்தூள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பொம்பளைக்கு அழக்கூடத் தெரியும் என்று பேருந்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

வீடு எழும்பியது. பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே மூக்கில் விரலை வைத்தாள். "வாசல்லயே கக்கூஸா? எங்கயாவது உண்டா இந்தக் கூத்து?"

"தூரத்துலேந்து வர்றவங்களுக்கு அவசரம்னா வசதிதானே, அண்ணி!" என்றாள் கண்டக்டரம்மா. அண்ணி கிளம்பும் முன் அந்த வசதியைப் பயன்படுத்திவிட்டுத்தான் போனாள்.

பின்னறையில் மதியத்துக்கு மேல் வெளிச்சம் குறைவுதான். வீட்டைச் சுற்றிக்கொண்டு வரச் சலித்து ஒன்றிரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் நின்றும் போனார்கள். தையல்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மழைக்காலத்தில் தெருவின் பல வீடுகளில் உறைக்குழிகள் நிரம்பி முற்றம்வரை பொங்கின. இவர்கள் வாசலில் கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நின்றது. நாற்றம் என்ற பேச்சே இல்லை. கீழ்வீட்டு அக்கா வேலியோரம் நின்று பூவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு கிழங்கு குடு" என்றாள். சமாதானம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. கண்டக்டரம்மா ஒரு கூடை நிறையத் தோண்டிக் கொடுத்தாள்.

இப்போது மேஸ்திரி புதிதாக வீடு கட்ட நினைப்பவர்களை அழைத்துக்கொண்டு அடிக்கடி வருகிறார். "நான் கட்டுனது. கேட்டுப் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். கண்டக்டரம்மாவும் அதை மறுப்பதில்லை. பணி முடிந்து வந்த களைப்போடு, சீருடையைக்கூட மாற்றாமல், தொட்டி மூடியைத் திறந்து காட்டி, எதை எங்கே விட வேண்டும், எதை விடவே கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி விளக்குகிறாள். தையல்காரர் பின்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு அதைக் கேட்கிறார். அவள் முடிக்கும்வரை பெடலில் கால் வைப்பதில்லை.