பாதியில நின்ன ஈஸ்ட் பேஜ்

ஈஸ்ட் வளர்ற பிளேட்டைத் திறந்தா பன்னு வாசனையும் புளிச்ச மாவு வாசனையும் கலந்து அடிக்கும்... இன்னிக்கு ஒரு பேக்கரி வாசல்ல அதே வாசனை. அப்படியே நின்னுட்டேன்.

விழுப்புரம் பக்கம் ஒரு காலேஜ்ல எம்.ஃபில் பண்ணிக்கினு இருந்த வருஷம். ஒரே ஒரு ஜீனை எடுத்துட்ட ஈஸ்ட் ஒண்ணு குடுத்திருந்தாங்க. அது எப்படி வளருதுன்னு பாக்கறதுதான் என் பிராஜக்ட். நார்மல் ஈஸ்ட் ஜம்முனு வளந்துச்சு. என்னுது வளரவே இல்ல. "இந்த ஜீன் இல்லன்னா வளர்ச்சியே இல்ல"ன்னு தீசிஸ்ல எழுதிட்டு ஒரே குஷி.

அப்பா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட கொல்லையில கூலி வேலை. "இந்த ஒரு வருஷம்தாம்மா, அப்புறம் மாப்ள பாக்கணும்"னு சொல்லித்தான் அனுப்பினாரு.

சப்மிட் பண்ண ஒரு வாரம் இருக்கறப்போ, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஈஸ்ட்டோட ஜீனை ஒவ்வொண்ணா எடுத்துட்டு, எது எப்படி வளருதுன்னு வெளிநாட்டு சயின்டிஸ்ட்டுங்க டேட்டாபேஸ் போட்டு வெச்சிருந்தாங்க. யாரு வேணா பாக்கலாம். என் ஜீன் பேரைத் தட்டினேன். பேஜ் வரி வரியா எறங்குது...

'நார்மல் குரோத்.'

நான் எழுதினதுக்கு நேர் எதிர். அடுத்த வரி வர்றதுக்குள்ள கரண்டு போச்சு!

பஸ்ல ஒரே யோசனை. நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாது, காலேஜ்ல நெட்டே கெடையாது... ஆனா மனசு கேக்கல. நேரா போய் கைடு மேடம்கிட்ட சொல்லி அழுதுட்டேன்.

மேடம் திட்டல. "கரண்டு போனா பிளேட்டை எங்க வெப்பீங்க?"ன்னாங்க.

"ஜன்னலாண்ட மேடம்..."

பிளேட்டை ஒரே சூட்டுல வெக்கிற பெட்டிதான் இன்குபேட்டர்; கரண்டு இல்லன்னா அதுக்குள்ள புழுங்கும்னு நாங்களா பண்ணிக்கினு இருந்த பழக்கம். அதுவும் அக்கினி நட்சத்திரத்துல!

"ஜல்தி போய் மிச்ச பேஜையும் பாரு."

போனேன். கடைசில இருந்துச்சு... சூடு ஏறினா வளராது. இன்குபேட்டர்லயே வெச்சு மறுபடி பாத்தேன். நல்லாவே வளந்துச்சு. அடிச்சுப் புடிச்சு மாத்தி எழுதி, பாஸும் ஆயிட்டேன்.

"சாதாரணமா அந்த ஜீன் தேவையே இல்லப்பா, வெயிலைத் தாங்கத்தான் வேணும்"னு அப்பாவுக்குச் சொன்னேன். துண்டால மொகத்தைத் தொடச்சிக்கினே, "அப்ப அது எனக்கு நெறைய இருக்கும்"னு சிரிச்சாரு. மாப்ள பேச்சை எடுக்கல. மேல படின்னாரு.

இப்போ அந்த பேஜ் போன்லயே ஒரு செகண்டுல முழுசா வந்துடுது. அப்பாவுக்கு வயசாயிடுச்சு. ஃபேன் நின்னாலே, "வேத்து ஊத்துதும்மா, பேஜாரா இருக்கு"ன்னு போன் பண்றாரு.

"எங்க போச்சுப்பா உன் ஜீனு?"ன்னு கேட்டா,

"உனக்குத்தான் குடுத்துட்டேனே"ங்கறாரு.

எனக்கு... ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இதை டைப் பண்றவளுக்கு.