கயிற்றில் தொங்கிய அண்ணை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாசால் நகரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கூரையைத் திருத்திக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்த மன்னார்க்கார அண்ணை ஒருவர், ஏறுவதற்கு முன் தன் பாதுகாப்புப் பட்டியின் தையலையும் கொளுக்கியையும் தடவிப் பார்ப்பார். என்னுடையதையும் பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

மத்தியானம் ஈரத்தில் கால் வழுக்கி அவர் கூரை விளிம்பைத் தாண்டி விழுந்தார். பட்டியில் மாட்டியிருந்த கயிறு பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். என் கைக்கு எட்டாத ஆழத்தில் சுவரோடு தொங்கினார்.

"ஒண்டுமில்லை தம்பி, தூக்கு," என்று சிரித்தார்.

நானும் மேற்பார்வையாளரும் இழுத்தோம், அசையவில்லை. விழுகிறவரைப் பட்டி தாங்கும் என்பது வரைக்கும்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். தொங்குகிறவரை மேலே எடுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்புப் படையை அழைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

பட்டி தொடையை இறுக்கி இரத்தவோட்டத்தைத் தடுக்க, அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அண்ணை, காலை ஆட்டுங்கோ!"

"கால் இருக்கிறதே தெரியேல்லையடா."

"கதைச்சுக்கொண்டிருங்கோ அண்ணை."

பிறகு அவர் கதைக்கவில்லை. நான் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கினார்கள். உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி, "பெல்ட் அறுந்துபோச்சோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா, அது நல்லாத்தான் இருந்தது," என்றேன்.