மண்டோர் சின்னையா கேட்ட ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை கூலாயிலிருந்து வந்த லாரிக்காரன்தான் சொன்னான், நமக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்த மண்டோர் சின்னையா இறந்துபோய்விட்டார் என்று. "சும்மா உளறாதடா!" என்று அவனோடு சண்டைக்கே போய்விட்டேன். அவரோடு மண்கூடை சுமந்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? இருந்தாலும் ஆயர் ஈத்தாம் வயலைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சாலை வந்த கையோடு கடைகள் கட்ட வேண்டுமென்று, ஒரு நெல்வயலை மண் கொட்டி மேடாக்க நம்மை அனுப்பினார்கள். வயலை விற்ற மைமூனா என்ற மலாய் அம்மாள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கடைசி விளைச்சலை அறுத்த பிறகு மண் விழ வேண்டும். வேலை கொடுத்த வெள்ளைக்காரத் துரையோ திங்கட்கிழமையே கொட்டச் சொல்லிவிட்டார். நெல்லோ முற்றி, இன்னும் அறுக்காமல் நின்றது.

மண்டோர் மீசையை முறுக்கினார். "நான் தஞ்சாவூர்க்காரன்டா! பத்து அருவா எறங்குனா ஒரே நாளு."

இறங்கினோம். "ஜாங்கான்! வேண்டாம்!" என்று அந்த அம்மாள் ஓடி வந்தார். அரிவாளைக் கண்டால் நெல்லின் உயிர் பயந்து ஓடிவிடுமாம். உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னக் கத்தியால் கதிர் கதிராகக் கொய்ய வேண்டுமாம். அலமாக்! தஞ்சாவூர் மீசை தொங்கிப்போனது.

"சரிங்கம்மா, கத்தியக் குடுங்க," என்றார் மண்டோர். அவருடைய தடித்த விரல்களில் அது நிற்கவே இல்லை. கூடக் கொய்ய வந்த மலாய்ப் பெண்கள் சிரித்தார்கள். அவர் அவர்களைவிட உரக்கச் சிரித்தார்.

கொய்துகொண்டே, வயலை ஏன் விற்றீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டார். மேலே வந்த ரப்பர்த் தோட்டம் வாய்க்காலைத் திருப்பிவிட்டது. மகன்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கடையில் ரங்கூன் அரிசி சுலபமாகக் கிடைக்கிறது. "ஏதாவது ஒன்று என்றால் சமாளித்திருப்பேன்," என்று மலாயில் சொன்னார் அந்த அம்மாள். மண்டோர் நம் பக்கம் திரும்பினார். "நாம மண்ணு கொட்ட வர்றதுக்கு முன்னாலேயே பாதி வயல மூடிட்டாங்கடா."

திங்கட்கிழமை துரை வந்து கத்தினார். மண்டோர் ஒரு கத்தியை நீட்டினார். "தொரை, நீங்களும் ஒரு கை போட்டா வெரசா முடியும்."

போச்சு, எல்லாருக்கும் வேலை போச்சு என்று நினைத்தேன். துரை வாங்கிக்கொண்டார்! பத்துக் கதிர் கொய்வதற்குள் விரலை அறுத்துக்கொண்டார். அதைச் சப்பியபடியே வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

வியாழக்கிழமை கடைசிக் கதிரும் வீடு சேர்ந்தது. மைமூனா அம்மாள் புது அரிசிச் சோறு போட்டார். மண்டோர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கூடையை அவரே கொட்டினார்.

அதற்குப் பிறகு எந்த வயலுக்குப் போனாலும், கூடையை இறக்குவதற்கு முன் அவர் கேட்டது உங்களுக்கே தெரியும்: "அறுத்தாச்சா?"

நாளைக்கு மாசாய் ஊர்ப்பக்கம் ஒரு வயல். இப்போது நான்தான் மண்டோர். கேட்டுவிட்டுத்தான் கொட்டுவேன், அண்ணே.