காய்ச்சிய பாலில் போட்ட புஷ்பராகம்

ஒரு வியாழக்கிழமை காலையில், என் மனைவியின் புஷ்பராக மோதிரத்தை நானே கெடுத்தேன்.

அவள் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். எனக்குச் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் வேலை. அங்கே நாள் முழுக்க வாய் ஓயாது. புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கதவைத் திறந்ததும் பேச்சு அப்படியே நின்றுவிடும். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தோப்பு யாருக்கு வேண்டும், பக்கத்தில் ஒரு செடி இருந்தால் போதாதா?

அந்த மோதிரத்தை நான் போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. என் சுண்டுவிரலுக்குச் சரியாக இருந்தது. குருபலத்துக்காக ஜோசியர் சொல்லி வாங்கியது. அவர் சொன்னது கனகபுஷ்பராகம். எங்கள் கைக்கு எட்டியது டோபாஸ் என்கிற சாதாரணப் புஷ்பராகம். "குருவுக்கு நம்ம சம்பளம் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டாள். பால் விடாத தேநீர், இங்கே தே-ஓ என்போமே, அந்த நிறம்.

பாலில் நனைத்து, தண்ணீரில் அலசி, வியாழனன்று போட்டுக்கொள்ள வேண்டும். அவள் செய்ததைக் கூடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது பச்சைப்பால் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல காரியத்துக்குப் பால் என்றால் பொங்க வேண்டாமா? பொங்கவைத்துத்தானே இந்த வீட்டுக்கே குடிவந்தோம்! நன்றாகப் பொங்கவைத்து மோதிரத்தைப் போட்டேன். கரண்டியால் எடுத்து, குளிர்பெட்டித் தண்ணீரில் அலசினேன். நகம் வெட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம். கல்லுக்குள் வானவில் மாதிரி ஒரு கோடு.

அப்போதே ரயிலேறி, நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் தேக்காவுக்குப் போனேன். சந்தைக்கு எதிர்ச்சந்தில் கல் வியாபாரம் செய்யும் அம்மா, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"என்ன அங்கிள் பண்ணீங்க?"

சொன்னேன்.

"சூப்பா வெச்சீங்க? பச்சைப்பால் லா! மோதிரத்துக்கா கிரகப்பிரவேசம்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, "என் மனைவி போட்டிருந்ததும்மா" என்றேன். அவர் குரலைத் தணித்து, "யானைக்கும் அடி சறுக்கும், உக்காருங்க" என்றார்.

வெட்டாத டோபாஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். பென்சில்போல நீளமான படிகம். நெடுக வரிவரியாகக் கோடுகள். "வெண்டைக்காய் மாதிரி நெனச்சுக்கோங்க. கோடு நீளவாக்குல ஓடும், ஆனா உடைஞ்சா குறுக்க நறுக்குன மாதிரி உடையும். கெட்டியான கல்லுதான். ஆனா அந்த ஒரு பக்கம் மட்டும் பலவீனம். உங்களுது அங்கதான் விட்டிருக்கு."

"எனக்குக் கார்கோல வேலை. இப்படியே போட்டுக்கலாமாம்மா?"

"கார்கோ வேலைல ஒரு இடி பட்டா ரெண்டாப் போயிடும்."

தட்டு நிறைய டோபாஸ் இருந்தது. தண்ணீர்போல நிறமற்றது, தேன் நிறம், ரோஜா நிறம், கதிர்வீச்சும் சூடும் காட்டி நீலமாக்கியது. என்னுடையதுபோல முட்டை வடிவத்தில் சில, கண்ணீர்த்துளி வடிவத்தில் சில. அவர் நீளச்சதுரமான ஒன்றைத் தொட்டார். ஓரங்கள் படிக்கட்டுபோல இறங்கின. "விரிசலுக்கு அந்தப் பக்கத்த எடுத்துட்டா இப்படி வெட்டலாம். பிளவு ஓடுற திசையிலயே பட்டை தீட்டினா மெருகு ஏறாது, கொஞ்சம் சாய்ச்சுத் தீட்டுவாங்க. சாணைச் சக்கரத்துல வெக்கும்போது மொத்தமாப் போனாலும் போயிடும், இப்பவே சொல்லிட்டேன். பெட்டில வெச்சா முழுசா இருக்கும். கைல போடணும்னா வெட்டணும். எது வேணும்?"

பதறாத காரியம் சிதறாது என்பாள் என் மனைவி. அதனால் வீட்டை ஒருதரம் நினைத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் முழுசாக இருப்பவை வீட்டில் நிறைய உண்டு. புடவைகள், மூக்குக்கண்ணாடி, மணி அடிக்காத அவள் கைத்தொலைபேசி. எதையும் நான் தொடுவதில்லை.

"கைல போடணும்மா" என்றேன்.

கல்லை வெட்டக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். சரக்குப் பெட்டி ஏதாவது கீழே விழும் சத்தம் கேட்டாலே கல்தான் நினைவுக்கு வரும். பிழைத்து வந்தது. முன்பிருந்ததில் பாதிதான்; சின்ன நீளச்சதுரம். கனம் குறைந்ததால் நிறமும் இளகி, தே-ஓ தேனாகியிருந்தது. அவள் பார்த்தால் தன்னுடையது என்று சொல்லியிருக்கமாட்டாள். எனக்கே ஒரு நிமிடம் யாருடையதோ போலிருந்தது. அவளுடைய பழைய தங்கத்திலேயே புதுக் கூடு செய்து பதித்துத் தந்தார்கள். விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டினேன். திருப்பினேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வாயும் திறந்துவிட்டது.

மறுநாள் விடுமுறை. கடை திறக்கும் நேரத்துக்கே தேக்காவில் நின்றேன்.

"என்ன அங்கிள், கல் ஆடுதா?"

"இல்லம்மா. காட்டலாம்னு வந்தேன்."

"நேத்து நான்தானே குடுத்தேன்! எனக்கேவா?"

கையை நீட்டியபடியே நின்றேன். அந்த அம்மா உருப்பெருக்கியை எடுக்கவில்லை. என் விரலைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு" என்றார்.