தேசம்மா அக்கா தேடித் தந்த கேசட்

"தேசம்மா அக்கா போயாரு" என்று வியாழக்கிழமை காலை எங்கள் கடை வாட்ஸ்அப் குழுவில் தெலுங்கில் ஒரு குரல் செய்தி வந்தது; அக்கா இறந்துவிட்டார். நகரி ஸ்டேஷனில் திருப்பதி ரயிலுக்காக நின்றிருந்தேன். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

திருப்பதியில் டிவி, மிக்சி விற்கும் கடை ஒன்றில், என் கல்யாணத்துக்கும் முன்பிருந்தே அக்காவும் நானும் ஒரே கவுண்டரில் நின்றோம். அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவரைத் தெருமுனை வரை குரலாலேயே துரத்துவார்.

வெற்று வீடியோ கேசட்டுகள் திருப்பதிக் கடைகளுக்கு வருவதே நின்றுபோன சமயம் அது. என் மகள் பள்ளி விழாவில் ஆடியதை மறுநாள் மாலை உள்ளூர் கேபிளில் போடுவதாகச் சொன்னார்கள். பதிவு செய்ய வீட்டில் விசிஆர் இருந்தது, கேசட் இல்லை. என் கல்யாணத்தை அத்தை மகன் தன் கேமராவில் எடுத்துத் தந்த கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். மேலே வேறெதுவும் பதியாமலிருக்க அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை முன்பே உடைத்திருந்தோம். அந்த ஓட்டையை ஒட்டிவிட்டால் பழையதை அழித்துப் பதியலாம். அக்காவிடம் செல்லோ டேப் கேட்டேன்.

"இதுல இன்னா கீது?"

"என் கல்யாணந்தான்க்கா. யாரு பாத்துக்கினு கீறாங்க?"

"உங்க நைனா இருப்பாரில்ல?"

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்து அப்போது எட்டு மாதம். அக்கா கேசட்டைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் லீவு. காளஹஸ்தி, சந்திரகிரி என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு மதியம் வந்து, புதுக் கேசட் ஒன்றோடு என்னுடையதையும் கையில் திணித்தார்.

"சந்திரகிரில தூசி புடிச்சிக்கினு கெடந்துச்சு. உன் பொண்ண இதுல புடி. பழசத் தொடாத."

கேசட்டுகள் ஒழிந்ததற்காக அவர் வருந்தியதே இல்லை. "கேசட்டு போனா போவட்டும். உள்ள கீறவங்க போவக்கூடாது" என்பார். பழைய கேசட்டோடு வருகிறவர்களை, அவற்றை டிவிடிக்கும் பிறகு பென் டிரைவுக்கும் மாற்றித் தருகிற ஸ்டூடியோவுக்குத் தானே கூட்டிப்போவார். என்னுடையதையும் மாற்றிக் கொடுத்தார். நான்தான் போட்டுப் பார்த்தாலும் தாலி கட்டுவதோடு நிறுத்திவிடுவேன். அதற்குமேல் நைனாவைப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மகளோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். பந்தியில் கேமரா அக்கா பக்கம் திரும்புகிறது. இலையிலிருந்து நிமிர்ந்து கத்துகிறார்: "என்ன எதுக்குய்யா புடிக்கிற? அங்க பொண்ணோட நைனா துன்னாமகூட நின்னுகினு கீறாரு, அவரப் புடி!"

கேமரா திரும்புகிறது. நைனா கூச்சத்தோடு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

போய் வாருங்கள், அக்கா. நைனா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.